சரக்குக்கு ஆகாத பெட்டி

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை இருட்டைத் தேடியே சம்பளம் வாங்கிய ஒரு மனிதருக்கு எப்படிப்பட்ட வீடு பிடிக்கும்? கம்பெனி வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டு ஆள் போன அன்று, அவருடைய மனைவிக்கு முதலில் தோன்றிய கேள்வி இதுதான். எங்கே போவது என்பது இரண்டாவதாகத்தான் வந்தது.

அவர் துறைமுகத்தை ஒட்டிய கன்டெய்னர் யார்டில் பெட்டி பார்ப்பவராக இருந்தார். யார்டில் யாரும் கன்டெய்னர் என்று சொல்வதில்லை, பெட்டி என்றுதான் சொல்வார்கள். கப்பலில் போய்வந்த இரும்புப் பெட்டியில் மறுபடி சரக்கு ஏற்றுவதற்கு முன்னால், அதில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அதற்குக் கருவி ஒன்றும் கிடையாது. ஒரு ஆள் உள்ளே போய் நிற்பார். வெளியே இருப்பவர்கள் கதவை இழுத்துச் சாத்துவார்கள். கண் பழகும்வரை அசையாமல் நின்று, கூரையிலோ சுவரிலோ மூலையிலோ ஊசிமுனை அளவு வெளிச்சமாவது தெரிகிறதா என்று அவர் பார்ப்பார். வெளிச்சம் வரும் வழியாக மழையும் வரும். தெரிந்த இடத்தைச் சுற்றி மஞ்சள் கிரேயானால் ஒரு வட்டம் போட்டுவிட்டு உள்ளிருந்து கதவைத் தட்டுவார். வட்டம் விழுந்தால் பெட்டி கழிக்கப்பட்டது என்று அர்த்தம். கும்மிருட்டாக இருந்தால்தான் பாஸ்.

உலகத்தில் எல்லோரும் வெளிச்சத்தைக் கண்டால் சந்தோஷப்படுவார்கள். இவர் உதட்டைப் பிதுக்குவார். யார்டில் இவருக்கு இருட்டுக்காரர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொரு ஆளும் தன் வட்டத்தில் ஒரு அடையாளம் வைக்க வேண்டும் என்பது யார்டு வழக்கம். இவர் வட்டத்துக்குக் கீழே ஒரு வாலை இழுத்துவிடுவார். பார்ப்பதற்குத் தலைப்பிரட்டை மாதிரி இருக்கும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒழுகும் வாளி, கிழிந்த குடை, மகனுடைய பள்ளிக்கூட ஷூ, எதில் ஓட்டை கண்டாலும் ஒரு மஞ்சள் தலைப்பிரட்டை நீந்தும். ஓட்டையை அவர் அடைக்க மாட்டார். அது வேறு ஆளின் வேலை. வீட்டில் அந்த வேறு ஆள் அவருடைய மனைவி.

அவள் தைப்பவள். பள்ளிச் சீருடை, தலையணை உறை, பேன்ட் நீளம் குறைப்பது, இடுப்பு பிரிப்பது. ஊரில் இளைப்பவர்களைவிடப் பெருப்பவர்கள் அதிகம் என்பதால் வேலைக்குக் குறைவிருந்ததில்லை. கம்பெனி வீடு என்பது ஒரே அறை. அதற்கு ஒரே ஜன்னல். ஜன்னலோரம் அவளுடைய தையல் மெஷின், எதிர்மூலையில் அவருடைய கட்டில். வெளிச்சம் அவளுக்கு, இருட்டு அவருக்கு என்று கல்யாணமான புதிதிலேயே பாகப்பிரிவினை ஆகிவிட்டது. எந்தப் பஞ்சாயத்தும் இல்லாமல் நடந்த பாகப்பிரிவினை என்பதால் இத்தனை காலம் நின்றது.

இப்போது யார்டை விரிவுபடுத்தப்போகிறார்கள். மழைக்காலத்துக்கு முன்னால் அந்த வீட்டு வரிசையே தரைமட்டமாகிவிடும்.

வீடு தேடும் பொறுப்பு அவளுடைய தம்பியிடம் வந்தது. அவன் வீட்டுத் தரகன். எந்த வீட்டைப் பற்றியும் நல்லவிதமாகச் சொல்ல அவனிடம் ஒரு வார்த்தை இருக்கும். காற்றே வராத வீட்டைக் 'குளிருக்கு அடக்கமான வீடு' என்பான். குப்பைமேட்டுக்கு எதிரே இருந்தால் 'முன்னால கட்டடம் எழும்பாது, நிம்மதி' என்பான்.

"அக்கா, உனக்கு ஏற்கெனவே ஒரு இடம் இருக்கு. அப்பா விட்டுட்டுப் போனது."

இருந்தது உண்மைதான். சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கும் பள்ளிக்கூட மதிலுக்கும் நடுவே, நாடா மாதிரி நீண்டு கிடக்கும் ஒரு துண்டு மனை. அதில் வீடு கட்ட முடியுமா என்று முன்பே ஒரு கொத்தனாரைக் கூட்டிப்போய்க் காட்டியாயிற்று. அவர் குறுக்கே கைகளை விரித்துப் பார்த்துவிட்டு, "கட்டலாம்மா. ரெண்டு பக்கமும் சட்டப்படி இடம் விட்டுட்டா நடுவுல ஒரு நடை மிஞ்சும். நீங்களும் அய்யாவும் ஒருத்தர் பின்னால ஒருத்தரா நின்னுக்கலாம்" என்றார்.

"செங்கல் வேண்டாம்க்கா. ஒரு கன்டெய்னரை வாங்கி வெச்சுடலாம். இப்ப அதான் நாகரிகம். ஜன்னல் வெட்டி, பெயின்ட் அடிச்சு, உள்ள மரப்பலகை பதிச்சுத் தர்றாங்க. தூக்கிட்டுப் போற சாமான்ங்கறதால சட்டம் அதை வீடாவே மதிக்கிறதில்ல. மதிக்காததுனால ஒண்ணும் கேக்கறதுமில்ல."

கட்டிலில் படுத்திருந்தவர் புரண்டு படுத்தார். "பெட்டி சரக்குக்கு. மனுஷனுக்கு இல்ல" என்றார்.

"அத்தான், ஊர் பூரா..."

"பெட்டி சரக்குக்கு."

ஒரே விஷயத்தை இரண்டு முறை சொல்வது அவருக்குப் பெரிய சொற்பொழிவு. பெட்டிப் பேச்சு அத்தோடு முடிந்தது. அவளுக்கும் அது சரியென்றே பட்டது. ஒரு மனிதர் ஆயுள் முழுக்க உள்ளே போய் வெளியே வந்த இடத்தில், உள்ளேயே இருந்துவிடச் சொல்வது எப்படி?

முதலில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் ஒற்றை அறை பார்க்கப் போனார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டே தம்பி போனில் யாரிடமோ, "ஆமா, எங்க அத்தானுக்கு ஒரு சின்ன வீடு பாக்கத்தான் போய்ட்டிருக்கோம், அக்காவும் கூட வர்றாங்க" என்று கத்தினான். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ஒரு கிழவர் இருட்டுக்காரருக்கு எழுந்து இடம் கொடுத்தார். அது மரியாதையா அனுதாபமா என்று தெரியவில்லை.

அறைக்குள் நுழைந்ததும் அவர் நேரே போய் ஜன்னலைச் சாத்தினார். கதவைச் சாத்தினார். விளக்கை அணைத்தார். மூன்று பேரும் இருட்டில் நின்றார்கள்.

"அத்தான், கரண்ட் இருக்கு. போட்டே பாக்கலாம்."

"பேசாத. கண்ணு பழகட்டும்."

கண் பழகியது. கதவுக்கடியில் ஒரு கோடு. வென்டிலேட்டரில் ஒரு துண்டு. சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில், பழைய ஆணி பிடுங்கிய இடத்தில், ஒரு பொட்டு வெளிச்சம். அவர் சட்டைப்பையிலிருந்து கிரேயானை எடுத்துக்கொண்டு அதன் அருகே போய்க் குனிந்தார். பொட்டு மறைந்தது. மறுபடி தெரிந்தது. மறுபக்கத்து வீட்டிலிருந்து ஒரு கண் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"யாருங்க அது, விளக்கை அணைச்சுட்டு என்ன பண்றீங்க?" என்றது சுவர்.

"வீடு பாக்கறோம்" என்றார் அவர், சுவரிடம். கண்ணைச் சுற்றி ஒரு தலைப்பிரட்டை வரைந்தார்.

வீடு பார்ப்பதற்கு அவளிடமும் ஒரு வழி இருந்தது. மெஷின் வைக்கத் தோதான இடத்தில் நின்று, விளக்குப் போடாமல், ஊசியில் நூல் கோத்துப் பார்ப்பாள். நூல் போனால் அங்கே வாழலாம். ஜன்னலைத் திறக்கச் சொல்லி நின்றாள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர் இருந்தது. நூல் ஊசியின் தலையைச் சுற்றிச் சுற்றி வந்ததே ஒழியக் காதுக்குள் போகவில்லை.

கீழே இறங்கும்போது தம்பி சொன்னான்: "எத்தனையோ பேருக்கு வீடு காட்டியிருக்கேன். வெளிச்சம் இல்லைன்னு வேண்டாம்னவங்க உண்டு. வெளிச்சம் இருக்குன்னு வேண்டாம்னவரை இப்பத்தான் பாக்கறேன். அதுவும் ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குக் குடிபோகணும்ங்கறீங்க."

அப்படிச் சொன்னானே தவிர, விடவில்லை. யாரோ ஒருவர் வீட்டின் பின்பாதியை வாடகைக்குக் காட்டினான். வீட்டுக்காரம்மா மெஷின் சத்தம் ஆகாது என்றாள். அவளுக்குத் தலைவலி உண்டாம். வயதானவர்களாகச் சேர்ந்து வாழும் ஒரு விடுதியைக் காட்டினான். ஆளுக்கொரு அறை, எல்லோருக்கும் ஒரே சமையலறை. அங்கே ஒரு பெண்மணி அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு, தன்னுடைய கரண்டியை எடுத்தது யார் என்று விசாரணை நடத்திக்கொண்டிருந்தாள். விசாரணை எப்போது தொடங்கியது என்று கேட்டதற்கு, போன வாரம் என்றார்கள். அங்கே அவர் இருட்டடித்துப் பார்க்கவுமில்லை, அவள் ஊசியை எடுக்கவுமில்லை.

அப்புறம் சக்கர வீடு. ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் மரத்தால் செய்த குட்டி வீடுகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். வண்டியில் கட்டி இழுத்துப் போகலாம். வாசலில் 'தேவைக்கு மட்டும் வாழுங்கள்' என்று பலகை. தேவைக்குக்கூட இல்லாமல் வாழ்ந்தவர்கள் யாரும் அந்த மைதானத்துக்கு வருவதில்லை போலிருந்தது. வந்தவர்கள் எல்லாம் பெரிய காரில் வந்திருந்தார்கள். பிறந்ததிலிருந்து ஒற்றை அறையில் இருப்பவனுக்கு அது இல்லாமை. பெரிய வீட்டை விற்றுவிட்டு ஒற்றை அறைக்கு வருபவனுக்கு அது தத்துவம். அறை என்னவோ ஒரே அளவுதான்.

காட்டுவதற்கு ஒரு இளம்பெண் இருந்தாள். துடியான பெண். "எல்லாமே மடிக்கலாம் மேடம்! மேஜையை மடிச்சா சுவர். படிக்கட்டைத் திறந்தா அலமாரி. சோபாவைப் பிரிச்சா விருந்தாளிக்குப் படுக்கை."

"நாங்க எங்கம்மா படுக்கறது?"

"மேல மேடம். இந்த ஏணில ஏறி, லேசாக் குனிஞ்சு, உருண்டு போனீங்கன்னா..."

"தங்கம், எல்லாம் மடியுது, சரி. என் மெஷின் மடியாது. என் முழங்காலும் மடியாது."

ஆனால் நூல் போயிற்று. எங்கே நின்று கோத்தாலும் போயிற்று. நாலு பக்கமும் ஜன்னல், கூரையிலும் ஒரு கண்ணாடி. கண்ணை மூடிக்கொண்டு கோத்தாலும் போகும் என்று அவளுக்குத் தோன்றியது. ஏணியை மறந்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தாள். அதற்குள் அவர் ஒவ்வொரு ஜன்னலாக மரக்கதவைச் சாத்திக்கொண்டே வந்துவிட்டார்.

பலகைக்குப் பலகை வெளிச்சம். ஆணிக்கு ஆணி வெளிச்சம். உள்ளே வானம் பார்த்த மாதிரி இருந்தது. அந்தப் பெண் அதைத்தான் நினைத்தாள்போல, "ஐயோ, அழகா இருக்கில்ல?" என்றாள். அவர் கிரேயானை எடுத்தார். மெருகேற்றிய பலகையில் வட்டம், வால், வட்டம், வால் என்று வேலையைத் தொடங்கிவிட்டார். என்ன நடக்கிறதென்று அந்தப் பெண்ணுக்குப் புரிவதற்குள் ஒரு சுவர் முடிந்திருந்தது.

"சார்! சார், இது டிஸ்ப்ளே பீஸ் சார்!"

"கழிச்சாச்சும்மா" என்றார் அவர். பரிவோடுதான் சொன்னார். தன் வாழ்நாளில் யாருக்கும் கெட்ட செய்தியைக் கடுமையாகச் சொன்னவரில்லை.

மனைவியும் தம்பியும் அந்தப் பெண்ணும் சேர்ந்து, ஆளுக்கொரு துணியோடு, சாயங்காலம்வரை தலைப்பிரட்டைகளைத் துடைத்தார்கள். அவர் வெளியே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஓட்டையைக் காட்டுவதோடு தன் வேலை முடிந்தது என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

"உங்களுக்கு வீடு தேவையில்ல அத்தான், கிடங்குதான் தேவை" என்று சொல்லிவிட்டுத் தம்பி கொஞ்ச நாள் போனை எடுக்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில், எல்லாவற்றுக்கும் விடையாக ஒரு வீடு காத்துக்கொண்டுதான் இருந்தது. மகன் வீடு. கார் நிறுத்தும் இடத்துக்கு மேலே தனியாக ஒரு அறை போட்டிருந்தான். கம்பெனிக்காரன் வந்துபோன அன்றே, "இதுல யோசிக்க என்னம்மா இருக்கு?" என்று சொல்லிவிட்டான். யோசிக்க எதுவும் இல்லை என்பதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. தட்டிக்கழிக்க ஒரு காரணமாவது வேண்டாமா? மருமகள் தங்கமான பெண். அவளைப் பற்றி அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை குறை சொல்ல முடியாமல் பல வருடமாகத் தவிப்பவள் இவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார்கள். மருமகள் புதுத் திரைச்சீலை போட்டிருந்தாள். கட்டில் அருகே சுவரில் ஒரு பட்டன் வைத்திருந்தாள்.

"அத்தை, எது வேணும்னாலும் இதை அமுக்குங்க. கீழ பெல் அடிக்கும். நான் ஓடி வந்துடுவேன். நீங்க எறங்கவே வேண்டாம்."

"எறங்கவே வேண்டாமா?"

"எதுக்கு அத்தை எறங்கணும்? சாப்பாடு மேலயே வந்துரும்."

மகன் ஜன்னலைத் திறந்து காட்டினான். பெரிய ஜன்னல். "மெஷினைக் கீழ ஸ்டோர் ரூம்ல பத்திரமா வெச்சுடலாம்மா. நீ தைச்சது போதும். அப்பாவும் இருட்டுல நின்னது போதும். ரெண்டு பேரும் நிம்மதியா உக்காருங்க."

உட்கார்ந்து என்ன செய்வது என்று இருவரும் கேட்கவில்லை. அவ்வளவு அன்பாகச் சொல்கிற ஒருவனிடம் அதைக் கேட்டால் திட்டுவதுபோல இருக்கும்.

அவர் வழக்கம்போல எல்லாவற்றையும் சாத்தினார். மகனும் மருமகளும் சிரித்துக்கொண்டே வெளியே போய் நின்றார்கள். அவர் வெகுநேரம் நின்றார். அவளுக்கும் கண் பழகியது. தேடித் தேடிப் பார்த்தாள். கூரையில் இல்லை. கதவுக்கடியில் இல்லை. மூலையில் இல்லை. மகன் நல்ல கொத்தனாரை வைத்துக் கட்டியிருந்தான். மையைக் கொட்டியதுபோல இருட்டு. அவர் ஜன்னலைத் திறந்துவிட்டு அவளைப் பார்க்காமல் வெளியே போனார்.

அவள் ஜன்னலருகே நின்று ஊசியை எடுத்தாள். முதல் தடவையே நூல் போய்விட்டது. வெண்ணெயில் கத்தி போவதுபோலப் போனது. சட்டென்று உருவி, உள்ளங்கைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

வெளியே மகன், "என்னப்பா, பாஸா?" என்றான்.

"கூரையில ஓட்டை இருக்கு."

"கான்கிரீட் கூரைப்பா! போன வருஷம்தான் போட்டது!"

"உன் கண்ணுக்குத் தெரியாது."

மகன் அம்மாவைப் பார்த்தான். "எனக்கு நூல் போகலப்பா" என்றாள் அவள். "வயசாயிடுச்சு."

திரும்பி வரும் பஸ்ஸில் அவர்கள் பக்கத்துப் பக்கத்து இருக்கையில், எதிரெதிர் திசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பாதி வழியில் அவள் கேட்டாள்: "ஓட்டை எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"நூல் ஏன் போகல?" என்றார் அவர்.

கணவன் மனைவி ஒற்றுமை என்று பெரியவர்கள் சொல்வது ஒருவேளை இதுவாக இருக்கலாம். அவர்களுக்கு அது வாய்ப்பதற்கு இத்தனை காலமும் ஒரு பொய்யும் தேவைப்பட்டன.

ஆனால் அந்தப் பொய்யின் ஆயுள் மழைக்காலம்வரைதான் என்பது அவளுக்குத் தெரியும். வேறு இடம் கிடைக்காவிட்டால் கூரையில் ஓட்டையும் இருக்காது, நூலும் போய்விடும். மெஷின் ஸ்டோர் ரூமுக்குப் போகும், அவள் பட்டனுக்குப் பக்கத்தில் உட்காருவாள். வரிசையில் முதல் வீட்டின் ஓடுகளை இறக்கத் தொடங்கிய அன்று, அவள் தம்பிக்கு அவளே போன் செய்தாள்.

"பெட்டி வீடு விக்கறாங்கன்னியே, அது எங்க?"

"அத்தான் ஒத்துக்க மாட்டாரேக்கா."

"நீ இடத்தைச் சொல்லு."

அவரிடம், வெளியே போய்விட்டு வரலாம் என்று மட்டும் சொன்னாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை. பஸ் திரும்பிய திசையிலேயே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். சட்டைப்பையைத் தொட்டு கிரேயான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

பெட்டி வீடு விற்பவரோடு தம்பி முன்பே வந்து நின்றிருந்தான். விற்பவர் முன்னாளில் லாரி ஓட்டியவர். குரலில் இன்னும் ஹாரன் இருந்தது. முன்வரிசையில் நீலமும் ஆரஞ்சுமாக, பூந்தொட்டி மாட்டிய ஜன்னல்களோடு வீடுகள் நின்றன. அவற்றையெல்லாம் தாண்டி இருட்டுக்காரர் நேராகப் பின்பக்கம் நடந்தார். அங்கே வெட்டாத, வண்ணம் பூசாத வெறும் பெட்டிகள். ஒன்றின் கதவுக் கம்பியைப் பிடித்து, தூக்கி, திருப்பித் திறந்தார். திறந்த விதத்திலேயே விற்பவருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

"சார் யார்டுல இருந்தவரா? அடடா! அப்ப நம்ம சரக்கெல்லாம் உங்க கை பட்டதாச்சே!"

"என் கையா?"

"பின்ன? நீங்க கழிச்சுக் கட்டறதைத்தானே நாங்க வாங்கறோம்? நல்ல பெட்டியை எவன் சார் விப்பான்?"

அவர் கொஞ்சநேரம் கம்பியை விடாமல் நின்றார். "உருக்கப் போகும்னுல்ல நெனச்சேன்" என்றார்.

"பாதி உருக்க, பாதி குடியிருக்க. இந்த ஊர்ல பெட்டி வீட்டுல இருக்கறவன் எவனா இருந்தாலும் சரி, அவனுக்கு வீடு பாத்துக் குடுத்தது நீங்கதான் சார். தரகு கேக்காம விட்டுட்டீங்க!"

விற்பவர் வாய்விட்டுச் சிரித்தார். தம்பி தரகு என்ற சொல்லுக்கு மரியாதையாகச் சிரித்தான். அவள் கணவரின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை. மனிதர் இத்தனை காலமும் மூட்டைகள் நனையக்கூடாது என்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்கிறார். மூட்டைக்கு ஆகாதென்று அவர் தள்ளியதில் பிள்ளை பெற்று, படிக்கவைத்து, ஜன்னலில் பூந்தொட்டி மாட்டியிருக்கிறார்கள். மூட்டை நனைந்தால் நஷ்டம். மனிதன் நனைந்தால் துவட்டிக்கொள்வான். கணக்கில் தவறில்லை.

அவர்கள் மனைக்குத் தோதான அளவில் இரண்டு பெட்டிகள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. "அம்மா, இதை எடுத்துக்குங்க" என்று விற்பவர் வலப்பக்கத்தைத் தட்டினார். "இது கழிச்சதில்ல. ஒரு கப்பல் கம்பெனி மூடிட்டான், அங்கேர்ந்து வந்தது. புதுசு மாதிரி. விலை ரெண்டுக்கும் ஒண்ணுதான். ஜன்னல் எங்க வேணும்னு சாக்பீஸால கோடு போட்டுக் குடுங்க, வெட்டிடறேன்."

அவள் இரண்டிலும் ஏறிப் பார்த்தாள். கதவு திறந்திருந்ததால் இரண்டிலும் நூல் போயிற்று. பள்ளிக்கூட மதில் பக்கம் ஜன்னல் வைத்தால் காலையிலிருந்து வெளிச்சம் வரும், மதில் உயரமில்லை. இடப்பக்கத்துப் பெட்டியிலிருந்து இறங்கப்போனவள், பின்மூலையில் எதையோ பார்த்து நின்றாள்.

"என்னங்க, இங்க வாங்க. உங்க தலைப்பிரட்டை."

மஞ்சள் வெளுத்திருந்தது. ஆனால் வால் அவருடையதுதான். அவர் வாசலில் நின்றபடியே பார்த்தார். உள்ளே வரவில்லை.

பிறகு வலப்பக்கத்துப் பெட்டிக்குள் ஏறினார். "சாத்துங்க" என்றார்.

விற்பவரும் தம்பியும் கதவை இழுத்துச் சாத்தினார்கள். இரும்போடு இரும்பு மோதியது. அவள் வெளியே நின்றாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் வேலை செய்வதை அவள் பார்த்ததேயில்லை. இப்போதும் பார்க்கவில்லை, ஒரு மூடிய கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு ஆள் இருப்பதற்கான சத்தமே இல்லை. தினமும் இப்படித்தான் நின்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு எப்படிங்க?" என்று அவள் கேட்டால், "இருட்டுதான்" என்று சொல்வார். அலுத்துக்கொள்கிறார் என்று அவள் நினைத்திருந்தாள். நல்ல நாள் என்று அர்த்தம்போல.

"என்னக்கா, தூங்கிட்டாரா?" என்று தம்பி கிசுகிசுத்தான்.

உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. திறந்தார்கள். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இறங்கினார்.

"எப்படி சார்?"

"நல்ல பெட்டி."

தம்பிக்கு மூச்சு வந்தது. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை ஒரு வீட்டுக்கு இதுவரை கிடைத்ததில்லை.

"ஒரு பொட்டு இல்ல. நல்ல பெட்டி" என்றார் மறுபடியும்.

"அப்ப இதையே முடிச்சுடலாம்" என்றார் விற்பவர்.

"இது சரக்குக்குப் போகட்டும்." அவர் இடப்பக்கம் கையைக் காட்டினார். "எங்களுக்கு அது."

"சார், அது நீங்களே கழிச்ச பெட்டி!"

"தெரியும்."

"அத்தான், ரெண்டும் ஒரே விலை. நல்லா யோசிச்சு..."

"அது."

விற்பவர் தலையைச் சொறிந்தார். "சரி, ஒரு தடவை உள்ள போயாவது பாத்துடுங்க. வேற எங்கியாவது ஓட்டை இருந்தா அடைச்சுக் குடுத்துடறேன். கதவைச் சாத்தட்டுமா?"

"வேண்டாம்" என்றார் இருட்டுக்காரர்.

மழைக்கு முன்னால் பெட்டி வந்து மனையில் உட்கார்ந்தது. அவள் கோடு போட்ட இடத்தில் ஜன்னல் வெட்டினார்கள். பின்மூலை ஓட்டையை அடைக்க வந்த வெல்டரை அவர் டீ குடிக்க அனுப்பிவைத்தார். அவன் திரும்பி வந்ததும் வாசற்படியில் வேறு வேலை கொடுத்தார். மகன் வந்து பார்த்துவிட்டு, "எங்க வீட்டுல இல்லாத ஓட்டைக்கு அந்தப் பேச்சுப் பேசினீங்களே, இது என்னப்பா?" என்று கேட்டான். தம்பி அதையே வேறு மாதிரி கேட்டான். மருமகள், பாவம், ஒன்றும் கேட்காமல் திரைச்சீலையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

மனைவி ஒரே ஒரு முறை கேட்டாள். முதல் மழை பெய்துகொண்டிருந்தது. பெட்டியின் கூரையில் விழும் மழைக்குச் சத்தம் அதிகம். கொஞ்சம் உரக்கக் கேட்க வேண்டியிருந்தது. அவள் ஜன்னலோரம் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, மங்கிய வெளிச்சத்தில் ஊசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அவர் எதிர்மூலையில், கட்டிலில் இருந்தார்.

"நல்லதை விட்டுட்டு ஏங்க இதை எடுத்தீங்க?"

"நூல் போச்சா?" என்றார் அவர்.

"போச்சு."

"அப்பத் தை."

சொல்லிவிட்டு எழுந்துபோய், பின்மூலையில் மஞ்சள் வட்டத்துக்கு நேர்கீழே நிறைந்திருந்த டம்ளரை எடுத்து, ஜன்னல் வழியாக வெளியே ஊற்றிவிட்டு, மறுபடி அதே இடத்தில் வைத்தார்.